பின்னு பைப்பும் அரிசி வடகமும்

அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஆடுமுங்க. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. மொதலாளி ஒரு புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்குப் போயிருக்கறாரு. பந்தியில உக்காந்துட்டாருன்னா எந்திரிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நான் இருக்கறனுங்க. ஆரணியில இருந்தா வர்றீங்க? உங்க மில்லுலயும் உமி பாய்லர்தானுங்களா? செரி செரி. அப்ப நான் சொல்றது உங்களுக்குச் சட்டுனு வெளங்கும்.

என்ற பேரு சென்னியப்பன். பாய்லர் ஆபரேட்டர். பத்தொம்பது வருசமா இதே மில்லு, இதே பாய்லர். நெல்ல ஊறவெச்சு, அவிச்சு, காயவெச்சு அரிசியாக்கற வரைக்கும் வேணுங்கற ஆவி அத்தனையும் இங்கிருந்துதானுங்க போவுது. இந்த மில்லே சென்னியப்பன் கையிலதான் ஓடுதுன்னு நானே சொல்லக் கூடாது, மத்தவங்க சொல்லோணும். சொல்றதில்லீங்க. அது வேற வெசயம்.

நீங்க பாக்க வந்தது அந்தப் பொட்டியத்தானுங்களே? பாய்லருக்குப் பக்கத்துல தகரம் போத்தி நிக்குது பாருங்க, அதேதான். வர்றவங்க எல்லாரும் அத போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க. அது எப்படி வந்துச்சு, வந்து என்ன பாடு பட்டுச்சுன்னு முழுசாத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். என்ற சம்சாரத்துக்கு வேணா கொஞ்சம் தெரியும்.

பொட்டி வர்றதுக்கு முன்னால அந்தச் செங்கல் வழி மட்டுந்தானுங்க. முப்பதடி நீளம், இடுப்பு ஒசரம். பாய்லர்ல இருந்து வர்ற பொகை அதுக்குள்ள பூந்து போயித்தான் பொகைக் கூண்டுல ஏறும். மேல கை வெக்க முடியாது, அப்படி ஒரு சூடு. அந்தச் சூட்டுல என்னென்ன வேலை நடந்துச்சு தெரியுமுங்களா? மழைக்காலத்துல மூட்டை தூக்கறவங்க சட்டை காயும். வாட்ச்மேன் செருப்பு காயும். மொதலாளியோட அம்மாவுக்கு முழங்கால் வலின்னா, ஒத்தடத்துக்கு உப்பு முடிச்சு அங்கதான் சூடாகும். எல்லாத்துக்கும் மேல மரகதத்தோட வடகம்.

மரகதம் என்ற சம்சாரமுங்க. இங்க விழுகற குருணைய வாங்கிட்டுப் போயி, கூழாக் காச்சி, அரிசி வடகம் ஊத்தி விக்கறா. காங்கயம், சென்னிமலை, வெள்ளகோயில்னு பன்னெண்டு கடைக்குப் போவுது. சித்திரை வெயில்ல யார் வேணா வடகம் போடலாமுங்க. ஐப்பசியில போடச் சொல்லுங்க பாக்கலாம். ஊரே ஈரத்துணிய வெச்சுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கும், எங்கூட்டு வடகம் மட்டும் கலகலன்னு கெடக்கும். செங்கல் வழிமேல பலகையப் போட்டு, அதும்மேல தட்டத்த வரிசையா அடுக்குவேன். பன்னெண்டு தட்டம். அவ ஊத்தறதோட செரி. காயவெக்கறது நானு. வடகத்துல எது முக்கியம்? காயறதுதானுங்களே?

போன ஆடி மாசம் ரெஜினா வந்துச்சு. நாகர்கோயில்காரப் புள்ளை, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில எஞ்சினியர். இருபத்தேழு வயசு இருக்கும். வந்ததும் வராததுமா நீளமா ஒரு கம்பிய எடுத்துச்சு, பொகை வழியில ஒரு ஓட்டையப் பாத்து உள்ள விட்டுச்சு. கம்பியோட மறுமுனையில நெம்பர் ஓடுது.

"அண்ணே, இருநூத்து நாப்பது டிகிரி. இவ்வளவு சூடும் வீணாப் போகுதே!"

வீணாமா! பத்தொம்பது வருசமா வடகம் காயுது, சட்டை காயுது, கெழவிக்கு முழங்கால் வலி கொறையுது, வந்து அஞ்சு நிமிசம் ஆகாத புள்ளை வீணுங்குது. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! ஆனா காட்டிக்கல. நான் அப்படிப்பட்ட ஆளில்லீங்க.

அப்பறம் மொதலாளிகிட்ட வெவரஞ் சொல்லுச்சு, நானும் பக்கத்துல நின்னு கேட்டேன். பாய்லருக்குள்ள நாம பச்சைத்தண்ணிய விடறோம். முப்பது டிகிரி. அத அப்படியே விடாம, மொதல்ல ஒரு பொட்டிக்குள்ள பைப்புல ஓட்டோணும். வெளிய போற பொகைய அந்தப் பைப்புக்கு வெளிப்பக்கமா விடோணும். பொகையோட சூட்டத் தண்ணி வாங்கிக்கும், தொண்ணூத்தஞ்சு டிகிரியா உள்ள போவும். பத்து மூட்டை உமி எரியற எடத்துல ஒம்பது போதும்.

"சாதாரண பைப் இல்ல சார், ஃபின் பைப்"னுச்சு. நான் ஊக்குப் பின்னுன்னு நெனச்சுட்டேன். அப்பறம் காட்டுச்சு. பைப்பச் சுத்தி மெல்லிசாத் தகடு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, சீப்புப் பல்லாட்ட. தண்ணி சூட்ட வெரசா வாங்கிக்குமாம், பொகை கஞ்சத்தனமாத்தான் குடுக்குமாம். அதனால பொகை தொடற பக்கம் எடத்தப் பெருசாக்கறதுக்குத்தான் அத்தனை தகடு. கேட்டா ஞாயமாத்தான் இருந்துச்சு. எனக்குப் புடிக்கல.

ஆவணியில பொட்டி வந்துச்சு. பழைய செங்கல் வழிய இடிக்கலீங்க, பொட்டியக் கழுவற அன்னைக்குப் பொகை போறதுக்கு வேணுமுன்னு வெச்சாங்க. நடுவுல ஒரு கதவு, அதுக்கு வெளிய ஒரு கைப்பிடி. சாத்துனா பொகை பொட்டிக்குள்ள போவும். தொறந்தா பழைய வழியில போவும். அவ்வளவுதான் சங்கதி. கதவச் சாத்துன அன்னைக்குச் சாயங்காலம் செங்கல் வழிமேல கைய வெச்சுப் பாத்தேன். சில்லுனு இருந்துச்சு. சவத்தத் தொட்டாப்பல.

மரகதத்துகிட்டப் போயிச் சொன்னேன். "செரி, பாத்துக்கலாமுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. உள்ளுக்குள்ள எத்தனை வேதனப்பட்டிருப்பா! அது எனக்குத் தெரியாதுங்களா? கூட இருக்கறது இருவத்திரண்டு வருசமுங்க.

இதுல அந்த ரெஜினாவுக்கு மத்தியானச் சோறு வேற எங்கூட்டுலதான். வீடு மில்லுக்குப் பின்னாலயே. கடைச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு மரகதந்தான் கூப்புட்டா. அவளுக்கு எளகுன மனசு. ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து மணிக்கணக்கா நாயம் பேசுவாங்க. பொம்பளைங்க நாயம்தானேன்னு நான் காது குடுக்கறதில்ல.

ஐப்பசி பொறந்துச்சு. மழை புடிச்சுக்கிச்சு. ஒரு நாள், ரெண்டு நாள், மூணாவது நாளு என்னால தாங்க முடியலீங்க. பொட்டிப் பக்கம் யாருமில்ல. போயி கைப்பிடியத் தொறந்துட்டேன். முழுசா இல்லீங்க, பாதி. பாதிப் பொகை பொட்டிக்கு, பாதி மரகதத்துக்கு. இதுல யாருக்கு என்ன நட்டம்?

வீட்டுக்குப் போயி, "தட்டத்தக் கொண்டா, எப்படியோ சூடு வருது"ன்னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. அப்பறம் ரெண்டு தட்டம் கொண்டாந்தா. மறுநாளும் ரெண்டு. அதுக்கு மறுநாளும் ரெண்டு. பன்னெண்டு கடைக்கும் சரக்குப் போயிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு தட்டத்துல பன்னெண்டு கடைக்கு எப்படிங்க வரும்? அத நான் ரோசிக்கவே இல்ல. பாய்லர் வேலை அப்படி, மண்டைய வேற எதுக்கும் விடாது.

அதுக்கப்பறம் பொட்டியில தண்ணி சூடாகலீங்க. தொண்ணூத்தஞ்சு வரோணும், அம்பத்தெட்டுல நிக்குது. மொதலாளி தெனமும் வந்து நெம்பரப் பாத்துட்டு மூஞ்சியத் தூக்கிட்டுப் போறாரு. ரெஜினா பொட்டியத் தொறந்து பாத்துச்சு. உள்ள சாம்பல். உமிச் சாம்பல் உங்களுக்குத் தெரியாததா, மாவாட்டப் பறக்கும், போயி உக்காந்துச்சுன்னா சிமிட்டியாட்டப் புடிச்சுக்கும். அந்தத் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு நெல்லு படுக்கற எடந்தான். அத்தனையும் அடைச்சுக்கெடக்குது.

மூணு நாளு அந்தப் புள்ளை பல்லுத் தேய்க்கற பிரஸ்ஸ வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தகடாத் தேய்ச்சுச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சுன்னு நானும் ஒரு பிரஸ் எடுத்தேன். ரெண்டாவது நாளு மரகதம் சோறு கொண்டாந்தா. குத்தவெச்சு உக்காந்து அந்தப் பைப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"ஏங்கண்ணு, எதுக்கு இத்தனை நெருக்கமா வெச்சிருக்குது?"

"தகடு கூடுனா சூடு கூடும்க்கா."

"அதுக்குன்னு? தட்டத்துல எடம் இருக்குதேன்னு நெருக்கி ஊத்துனா, வடகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல காத்தே போகாது. கலக்க, எடம் விட்டு ஊத்துனாத்தான் எல்லாம் ஒட்டுக்காக் காயும்."

அந்தப் புள்ளை தேய்க்கறத நிறுத்திப்போட்டு, "அக்கா, இன்னொருக்கச் சொல்லுங்க"ன்னுச்சு. பையில இருந்து நோட்ட எடுத்துச்சு. சமையல் நாயம் ஆரம்பிச்சுட்டாங்கன்னு நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

சாம்பல் போயும் தண்ணி அறுவதத் தாண்டல. எப்படித் தாண்டும்? கைப்பிடிதான் பாதி தொறந்து கெடக்குதே. மொதலாளி வந்து, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்பறம் வெல்டரக் கூட்டியாந்து அறுத்துப் போட்டுருவேன்"னுட்டாரு. கம்பெனியில இருந்து போன்ல ஒருத்தர் கத்தறது இங்க நிக்கற எனக்கே கேட்டுச்சு. இந்தப் பொட்டி அந்தப் புள்ளையே வரைஞ்சதாம். நான் பாத்துக்கறேன் சார்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்த வேலையாம். இது ஊத்திக்கிச்சுன்னா வெளி வேலையே கெடையாது, ஸ்டோர்ல உக்காந்து சீட்டு எழுதுன்னுட்டாங்க. போன வெச்சுப்போட்டு உமி மூட்டை மேல உக்காந்திருந்துச்சு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. "உமித் தூசி அண்ணே"ன்னுச்சு. நானும் உமித் தூசின்னுதானுங்க நெனச்சேன்.

நடுவுல எனக்குத் தாராபுரத்துல ஒரு காதுகுத்து. ஒரு நாள் லீவு. எனக்குப் பதிலா பாய்லர் பாக்கறது ஈசுவரன்னு ஒருத்தன். என்னையவிட மூத்தவன், ஆனா வாய் சும்மா இருக்காது. அதனால முந்தின நாளே கைப்பிடியச் சாத்திப்போட்டுத்தான் போனேன். திரும்பி வந்து முதல் வேலையாத் தொறந்தேன். மத்தியானம் ரெஜினா வந்து பலகையில சாக்பீஸ்ல எழுதுச்சு. நேத்து தொண்ணூத்தி நாலு. இன்னைக்கு அறுபது.

"நேத்து நீங்க இல்லியே அண்ணே"ன்னுச்சு.

"ஈசுவரனுக்கு நெம்பர் பாக்கத் தெரியாது அம்மணி"ன்னேன்.

அது என்னையவே பாத்துச்சு. அந்நேரம் பாத்து மரகதம் சோத்துத் தூக்குப்போசியோட வர்றா. வந்தவ நேரா என்ற மூஞ்சியப் பாக்கல, பொட்டியப் பாத்தா, கைப்பிடியப் பாத்தா.

"ஏனுங்க, பைபாஸ் எதுக்குங்க பாதி தொறந்து கெடக்குது?"

பைபாஸ்! எனக்கே அதுக்கு அப்படி ஒரு பேரு இருக்குதுன்னு தெரியாதுங்க. நான் கைப்பிடின்னுதான் சொல்லுவேன். இவ எங்க படிச்சா?

வேற வழியில்ல. "உனக்காகத்தான்! மழையில வடகத்த எங்க கொண்டு போயிக் காயவெப்ப?"ன்னு கத்திட்டேன்.

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பறம் மரகதம் என்ற கையப் புடிச்சா. நட்டநடு மில்லுல, மூட்டை தூக்கறவங்க பாக்கப் பாக்க. நெல்லு காயற ட்ரையர் கொட்டகைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனா. ரெஜினாவும் கூட வந்துச்சு. அந்தப் பக்கம் எனக்கு வேலை கெடையாது, நான் போறதில்ல.

பழைய இரும்புல கெடந்த ஒரு ரேடியேட்டர், அதுவும் பின்னு பைப்புதான், தகடெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு கெடந்தது, அத நிமித்தி நட்டு வெச்சிருக்குது. ட்ரையர்ல இருந்து வடியற சுடுதண்ணி முன்னெல்லாம் சாக்கடைக்குப் போவும். அது இந்தப் பைப்புக்குள்ள ஓடித் தண்ணித் தொட்டிக்குப் போவுது. பின்னால ஒரு டேபிள் ஃபேன். முன்னால இரும்புச் சட்டத்துல இருவது தட்டம். இருவதுலயும் வடகம், முல்லைப்பூவாட்ட வெள்ளை வெளேர்னு.

"எப்ப இருந்து?"ன்னேன்.

"பொரட்டாசியில இருந்துங்க. மொதலாளிகிட்டக் கேட்டுத்தான். இந்தப் புள்ளைதான் செஞ்சு குடுத்துச்சு."

"என்ற செங்கல் வழிக்கு என்ன கொறைச்சல்?"

மரகதம் முந்தானையில கையத் தொடைச்சா. ஈரமே இல்லாத கைய. "பொகை வாசம் அடிக்குதுன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டிருந்தாங்க. ரெண்டு வருசமா. நீங்க அத்தனை ஆசையா அடுக்கறீங்க, உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

"அப்ப தெனமும் கொண்டாந்தியே ரெண்டு தட்டம், அது?"

ரெஜினா அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. மறுபடியும் கேட்டேன்.

"நம்ம எருமை திங்குதுங்க"ன்னா.

பொகை வாசம்னு சொன்னவனுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சுங்க. ருசி தெரிஞ்சது அந்த எருமைக்குத்தான்.

வந்து கைப்பிடிய முழுசாச் சாத்துனேன். ஒரு மணி நேரத்துல தொண்ணூத்தஞ்சு வந்து நின்னுச்சு. ரெஜினா எதுவும் கேக்கல, யாருகிட்டயும் சொல்லவுமில்ல. நான் அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

வெள்ளிக்கிழமை மொதலாளி சொன்ன சொல்லுக்கு வெல்டரோட வந்து நின்னாரு. நெம்பரக் காட்டுனோம். "இத்தனை நாளா ஏம்மா வரல? நாளைக்கு மறுபடியும் வராதுன்னு என்ன நிச்சயம்?"னு கேட்டாரு. ஞாயமான கேள்விதானுங்களே?

ரெஜினா சொல்லுச்சு, "என் கணக்குல தப்பு சார். தகட்ட ரொம்ப நெருக்கி வெச்சுட்டேன். சாம்பல் அடைச்சுடுச்சு."

அது பொய்யில்லீங்க. ஆனா முழு உண்மையுமில்ல. மிச்ச உண்மை இந்த எடத்துல நின்னுட்டிருந்துச்சு, காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு. மொதலாளி வெல்டரப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. அவன் கண்ணாடிய மாட்டறான். மரகதம் அந்த வாசப்படிகிட்ட நிக்கறா. ஜாடை கூடக் காட்டல. சும்மா நின்னா. அவ அப்படி நின்னா என்னால முடியாதுங்க.

"மொதலாளி, கைப்பிடியத் தொறந்து வெச்சது நானுங்க"ன்னேன்.

"எந்தக் கைப்பிடி?"

"அதானுங்க, பைபாஸ்."

"எத்தனை நாளா?"

"ஐப்பசி மொத வாரத்துல இருந்துங்க."

"எதுக்குய்யா?"

"வடகத்துக்குங்க."

நீங்க உக்காரப் போனீங்களே, அந்த ஆடற சேர்லயே மொதலாளி உக்காந்துட்டாரு. அப்பறம் வந்துச்சு பாருங்க பேச்சு! அதையெல்லாம் விருந்தாளிகிட்டச் சொல்லக் கூடாது. வெல்டரத் திருப்பி அனுப்புனாரு. கோயமுத்தூருக்கு அவரே போன் போட்டாரு. "பொட்டி நல்ல பொட்டிதான், எங்க ஆளுதான் கோளாறு, அந்தப் புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க"ன்னாரு. ஈசுவரனப் பாய்லருக்குப் போட்டாரு, என்னைய ஒரு மாசம் உமிக் கொட்டகைக்கு அனுப்புனாரு. அந்த ஒரு மாசத்தப் பத்திக் கேக்காதீங்க. இன்னும் காதுல உமி இருக்குது.

தை மாசம் புதுப் பைப்பு வந்துச்சு. தகட்டக் கலக்க வெச்சு, ஊதி விடறதுக்குக் காத்துக் குழாயும் சேத்து. தகடு கொறைஞ்சும் சூடு கொறையலீங்க, தெனமும் தொண்ணூத்தேழு. மாசத்துக்கு ஒருக்காக் கழுவுனாப் போதும். நீங்க பாக்கப் போறது அதுதான். ரெஜினா இப்ப நாலு மில்லுக்கு இதே மாதிரி செய்யுது. வரைபடத்துல ஒரு மூலையில மரகதம்னு எழுதிவெச்சிருக்குதாம், மொதலாளி காட்டுனாரு. எதுக்குன்னு தெரியல. சோறு போட்டதுக்கா இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். இந்தச் சுத்துவட்டாரத்துல கதவு பாதி தொறந்திருந்தா எத்தனை டிகிரி நட்டமாகும்னு ரெண்டு மாசம் விடாம சோதிச்சுப் பாத்தவன் நான் ஒருத்தன்தானுங்க. உங்க மில்லுல வெச்சா அதுவும் உங்களுக்கு உபயோகப்படும்.

ஒத்துக்கிட்ட அன்னைக்குச் சாயங்காலம் மரகதமும் நானும் ஒண்ணா வீட்டுக்குப் போனோம். கொழாயடிகிட்டப் போனதும் அவ நின்னா.

"ரெண்டு மாசமா எனக்காகவா தொறந்து வெச்சீங்க?"

"பின்ன யாருக்காக?"

"ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமில்லீங்களா?"

கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? என்ற பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? அப்படித்தான் சொல்ல வாயத் தொறந்தேன். அவ மூஞ்சியப் பாத்தேன். கோவமெல்லாம் இல்ல. கோவமிருந்தா எனக்குப் பேசறதுக்குச் சுலபமா இருந்திருக்கும். மூடிக்கிட்டேன்.

இப்ப சிப்டு முடிஞ்சதும் கொட்டகைக்குப் பின்னால போயிருவனுங்க. தட்டத்த எறக்கறது, ஏத்தறது என்ற வேலை. முப்பது தட்டம் ஆயிருச்சு, அவ ஒருத்தியால ஆகாது. நேத்துப் போனப்ப மேல் தட்டம் காஞ்சாப்பலதான் தெரிஞ்சுது. கைய நீட்டப் போனேன், நிறுத்திக்கிட்டேன்.

"எறக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

ஒரு வடகத்த ஒடைச்சுப் பாத்தா. "இன்னும் அரை மணி நேரம் ஆகட்டுமுங்க"ன்னா.

நின்னனுங்க.